கடைசி மூன்று இலக்கங்கள்

முப்பத்தைந்து வயதிலும் அவளைப் பொடிசு என்று கூப்பிட உலகத்தில் ஒருவர் இருந்தார். அவளுடைய அண்ணன். ஊரின் தெற்குக் கோடியில், லாரிகள் திரும்பும் சாலையில், கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். அவரை அவள் கண்டுபிடித்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. கண்டுபிடித்தாள் என்பது பேச்சுக்குச் சொல்வதல்ல. தான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில், தன் கையாலேயே கண்டுபிடித்தாள்.

அவள் குழந்தையாக இருந்தபோது ஆற்றில் வந்த வெள்ளம் கரையோரக் குடியிருப்புகளை வாரிக்கொண்டு போனது. பெற்றோர் இல்லாமல் மிஞ்சிய பிள்ளைகளை லாரிகளில் ஏற்றி விடுதிகளில் விட்டார்கள். இடம் போதாமல் அங்கிருந்து வேறு விடுதி, பிறகு இன்னொன்று என்று மாற்றினார்கள். கூடப் பிறந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அவளுக்கு அப்போது மூன்று வயது. அப்பா அம்மா முகம் நினைவில்லை, அவர்கள் வைத்த பெயரும் தெரியாது. ஆள் சின்னதாக இருந்ததால் விடுதி ஆயா பொடிசு என்று எழுதிவைத்தாள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு, பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்கிறோம் என்று ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். விடுதிகளின் பழைய பதிவேடுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது. ஆனால் ஒரு விடுதி எழுதியதுபோல இன்னொரு விடுதி எழுதவில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கி, இரண்டு முறை வந்ததை நீக்கி, பொருத்திப் பார்க்கத் தோதாகத் தருவது அவளுடைய பிரிவின் வேலை. வெளியே தரவுத் தயாரிப்பு என்று பெரிய பெயர். அவர்களுக்குள் கழுவுவது என்பார்கள். "இன்னைக்கு எத்தனை ஃபைல் கழுவின?" என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினெட்டு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. அவ்வளவு நீளமான எண்ணை அலுவலகத்து மென்பொருள் முழுசாகக் காட்டாது. முதலில் சில இலக்கங்கள், அப்புறம் ஆங்கில ஈ எழுத்து, ஒரு கூட்டல் குறி, பதினேழு என்று சுருக்கிக் காட்டும். மேலிருந்து கீழ்வரை வரிக்கு ஓர் ஈ. மெனுவில் போய் எண்ணாகக் காட்டு என்று சொன்னால் ஈ மறைந்து எண் முழு நீளத்துக்கு விரியும். "சும்மா இருக்கிறவன் ஈ ஓட்டுவான். நாம சம்பளம் வாங்கிட்டு ஈ ஓட்டுறோம்" என்று பக்கத்து மேசைக்காரர் தினமும் சொல்வார். தினமும் சிரிப்பார்கள். விரித்த எண்கள் எல்லாவற்றிலும் கடைசி மூன்று இலக்கம் சைபராக இருக்கும். அந்தக் காலத்துக் குமாஸ்தாக்களின் வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

எண் குடும்பத்துக்கு ஒன்று என்பது அலுவலகத்தில் எல்லோரும் அறிந்த விஷயம். யார் சொன்னது என்று யாரும் கேட்டதில்லை. ஒரே எண்ணில் நாலைந்து பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கூடப் பிறந்தவர்கள். எண்ணோடு வயதும், ஆணா பெண்ணா என்பதும் ஒத்துப்போனால் ஒரே பிள்ளையை இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட வேண்டும். அதற்கென்று ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்துவதும் அவள் வேலைதான்.

அவள் இருந்த விடுதியின் ஃபைல் வந்தபோது வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே எடுத்துக் கழுவினாள். "பொடிசு, பெண், வயது மூன்று, இடது புருவத்தில் வெட்டுக் காயம்" என்ற வரியைப் பார்த்ததும் கை தானாகப் புருவத்துக்குப் போனது. அதே எண்ணில் ஆறு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வலது காது மடல் கிழிந்தவன். கீழ்த் தளத்தில் தேடி வந்தவர்களின் விண்ணப்பங்களை வாங்கிவைத்திருந்தார்கள். அதில் காது கிழிந்த வெல்டர் ஒருவர் இருந்தார். கூடப் பிறந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எத்தனை தூரமானாலும் வருகிறேன் என்று எழுதியிருந்தார். அவர் வீட்டுக்கும் அவள் அறைக்கும் இடையே ஒரே பஸ் போய்வந்துகொண்டிருந்தது.

அவர் அலுவலகத்துக்கு வந்து அவள் முன்னால் நின்று, புருவத்தைக் கட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரி அழுதார். மேனேஜர் போட்டோ எடுக்கச் சொன்னார். இந்த அலுவலகம் சேர்த்துவைத்த முதல் ஜோடி என்று அதைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்கள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணன் வீடு. அண்ணி முதல் மாதம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு இருந்தாள். பிறகு, தட்டைக் கழுவாமல் போனால் திட்டும் அளவுக்குச் சொந்தமாகிவிட்டாள். அவர்கள் மகள் அத்தை அத்தை என்று முதுகில் ஏறுவாள். அந்த எண்ணில் இன்னும் ஆறேழு பிள்ளைகள் இருப்பதையும் அவர்கள் யாரும் தேடி வரவில்லை என்பதையும் அவள் சொன்னபோது அண்ணன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "நம்மப்பா சும்மாவே இருக்கல போல" என்றார். அண்ணி அவர் முதுகில் ஓர் அடி வைத்தாள்.

அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. "கழுத்தளவு தண்ணி. உன்னத் தோள்ல உக்கார வெச்சுக்கிட்டு நடந்தேன். நீ என் முடியப் பிடிச்சுக்கிட்ட. ஒரு மரக்கட்டை வந்து உன் புருவத்துல இடிச்சுது. ரத்தம் என் மூஞ்சியில வழியுது, நான் விடவே இல்ல." ஆறு வயதுப் பையன் கழுத்தளவு தண்ணீரில் எப்படி நடந்தான் என்று அவள் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கே அது நினைவு மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவர் தலைமுடி தன் விரல்களுக்குள் ஈரமாக இருந்ததுகூட ஞாபகம் வரும்.

மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது ஒரு சாதாரண வேலை நாளில். புரோகிராமர் அவள் மேசைக்கு வந்து, "ஏதாவது ஒரு பழைய ஃபைலத் திறந்து பாத்துச் சொல்லுங்க. நாம கழுவினது வேண்டாம், முதல்ல வந்தபடியே இருக்கிறது" என்றார். என்னென்ன மாறியிருக்கிறது என்று திரையின் ஓரத்தில் ஒரு பட்டியல் வந்தது. அச்சு விளிம்பு, எழுத்தின் அளவு என்று போய், நடுவில் ஒரு வரி: நீண்ட எண்கள் இனிச் சரியாகக் காட்டப்படும்.

அவள் தன் விடுதியின் ஃபைலைத் திறந்தாள். ஈ எதுவும் இல்லை. எண்கள் முழுசாக நின்றன. எந்த எண்ணின் முடிவிலும் மூன்று சைபர் இல்லை.

பொடிசு என்ற வரிக்குப் போனாள். அவள் எண்ணின் கடைசி மூன்று இலக்கம் எழுநூற்று இரண்டு. காது கிழிந்த பையனின் வரியில் நூற்று ஒன்று.

"இது என்ன சார்?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

புரோகிராமர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பழசுல ஒரு கோளாறு இருந்துச்சு. இலக்கமாப் பாத்தா அது கூட்டிக் கழிக்கிற எண்ணுன்னு நினைச்சுக்கும். பதினஞ்சு இலக்கம் வரைக்கும்தான் தாங்கும். மிச்சத்த சைபராக்கிடும். இப்ப நீளமா இருந்தா எழுத்து மாதிரி வெச்சுக்குது, தொடாது."

"அப்ப அந்த சைபரெல்லாம்?"

"நம்ம மென்பொருள் போட்டது. குமாஸ்தா போட்டது இல்ல."

அவர் பாட்டுக்கு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அவள் எண்களை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. முதல் நான்கு இலக்கம் விடுதி. அடுத்த எட்டு, சேர்த்த தேதி. அதற்கடுத்த நான்கு குடும்பம். கடைசி இரண்டு, அந்தக் குடும்பத்தில் எத்தனையாவது பிள்ளை என்பது. குடும்ப எண்ணின் கடைசி இலக்கத்தையும் பிள்ளையையும் சேர்த்து மென்பொருள் விழுங்கியிருந்தது. ஒரே நாளில் லாரியில் வந்து இறங்கிய பத்துக் குடும்பங்கள் ஒரே குடும்பமாகியிருந்தன.

அவள் ஏழாம் குடும்பத்தின் இரண்டாவது பிள்ளை. வெல்டர் ஒன்றாம் குடும்பத்தின் முதல் பிள்ளை. அந்த ஒன்றாம் குடும்பத்தில் வேறு பிள்ளையே இல்லை.

ஏழாம் குடும்பத்தின் முதல் பிள்ளை எங்கே என்று தேடினாள். "பையன், வயது ஆறு, வலது முழங்காலில் தீக்காயம்" என்றிருந்தது. இந்த வரியை அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை. கழுவிய ஃபைலில் அது இல்லை. ஏன் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அதே எண், அதே ஆறு வயது, இரண்டு பேரும் ஆண். இரட்டிப்பு என்று மென்பொருள் காட்டியது, அவள் பட்டனை அழுத்தினாள். முதல் வரியில் இருந்த வெல்டர் நின்றார். இரண்டாவது வரி போனது. அடையாளம் என்ற கட்டத்தில் ஒருவனுக்குக் காதும் இன்னொருவனுக்கு முழங்காலும் எழுதியிருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று விதியில் இல்லை.

கீழ்த் தளத்துக்குப் போய் விண்ணப்பங்களைப் புரட்டினாள். முழங்காலில் தீக்காயம் உள்ள ஒருவர் இரண்டு தடவை வந்திருந்தார். பெயிண்டர். ஒரு தங்கை உண்டு, புருவத்தில் அடிபட்டிருக்கும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு தடவையும் ஒரே பதில்: இப்படி ஒருவர் அந்த விடுதியின் பதிவில் இல்லை.

மேனேஜர் அவள் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். கெட்ட மனிதர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. கேட்டு முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது டிஸ்ப்ளே பிரச்சனைம்மா. சரி பண்ணியாச்சு."

"காட்டுறதுல மட்டும் இல்ல சார். அப்படியே சேவ் ஆயிருக்கு. அத வெச்சுத்தான் நீக்கினோம், அத வெச்சுத்தான் சேத்தோம்."

"இனிமே வர்றதெல்லாம் சரியா வரும்ல? விடுங்க."

"பழசு?"

"பழசக் கிளறி என்ன பண்ணப் போறீங்க? சேந்து சந்தோஷமா இருக்கிற குடும்பத்துக்கெல்லாம் லெட்டர் போட்டு, நீங்க அண்ணன் தங்கச்சி இல்லன்னு சொல்லணுமா? உங்களையே எடுத்துக்குங்க. ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க? யாருக்கு என்ன நஷ்டம்?"

"நாம நீக்கினவங்களுக்கு?"

"அவங்களுக்கு இப்படி ஒண்ணு நடந்ததே தெரியாதேம்மா" என்றார் மேனேஜர், ஆறுதலாக.

வெளியே வந்தபோது வரவேற்பறையில் அவளும் வெல்டரும் போட்டோச் சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு வயதான தம்பதி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் படத்தைக் காட்டி, "இவங்க நீங்கதானே? குடுத்து வெச்சவங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சொல்லாமல் இருந்துவிடலாம் என்று பஸ்ஸில் தீர்மானித்திருந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் தன் பங்கிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைத்தார். அது எப்போதும் செய்வதுதான். அன்றைக்கு அவளால் அதை விழுங்க முடியவில்லை. வேறு ஒருவருடைய சாப்பாட்டைச் சாப்பிடுவது போலிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

வெல்டருக்கு முதலில் புரியவில்லை. சைபர், இலக்கம் என்பதையெல்லாம் தாண்டி, மாறிப்போய்விட்டது என்பது மட்டும் உறைத்தது.

"மாறிப்போச்சுன்னா?" என்றார். "அப்ப என் தங்கச்சி எங்க இருக்கா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. "அண்ணா..."

"சொல்லு. உன் எண்ணு வேற, என் எண்ணு வேற. சரி. என் எண்ணுல இருக்கிறவ எங்க? அவளும் தேடுறாளா?"

"உங்க வீட்ல நீங்க மட்டும்தான் அண்ணா. இன்னொரு பிள்ளை இல்ல."

அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். குழந்தை கையில் பென்சிலுடன் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது.

"நான் தூக்கிட்டு வந்தேனே" என்றார் வெல்டர். "தோள்ல."

அவள் புருவத்தைத் தொட்டுக்கொண்டாள்.

"உனக்குன்னு வேற அண்ணன் இருக்கானா?"

"இருக்காரு. பெயிண்டரா இருக்காரு. ரெண்டு தடவ எங்க ஆபீசுக்கு வந்திருக்காரு."

வெல்டர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "நல்லது. உனக்கு ஒருத்தன் போனா இன்னொருத்தன் இருக்கான். எனக்கு யாரு?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். விடுமுறை நாளில் அவர் பட்டறையைத் திறந்து அவள் பார்த்ததில்லை. அன்றைக்குத் திறந்தார். இரும்பைத் தட்டும் சத்தம் வீடுவரை கேட்டது.

"தெரிஞ்சா வாயில போட்டு முழுங்கிட்டு இருக்க வேண்டியதுதானே? இத ஏன் வந்து சொன்ன?" என்றாள் அண்ணி. அவள் கண்ணில் கோபத்தைவிடப் பயம்தான் தெரிந்தது. "ராத்திரி ராத்திரி அந்த வெள்ளத்தச் சொல்லித்தான் பிள்ளையத் தூங்க வெப்பாரு. இனிமே என்னத்தச் சொல்லுவாரு?"

பெயிண்டரைத் தேடிப் போனபோது அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையாக இருந்தார். விடுமுறைக் காலம். வகுப்பறைகளை ஒட்டிய நீளமான நடையில் சாரம் கட்டி, மேலே நின்று கரண்டியால் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தார். அரைக்கால் சட்டை போட்டிருந்ததால் முழங்காலில் சுருங்கிப்போன தோல் கீழிருந்தே தெரிந்தது. அதற்குமேல் அவளுக்கு எந்த அடையாளமும் தேவைப்படவில்லை. நெற்றியும் தாடையும் அவள் தினமும் கண்ணாடியில் பார்ப்பவை.

உறவு தேடும் அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றாள். அவர் இறங்கவில்லை.

"ரெண்டு தடவ வந்தேன். இல்லன்னுட்டீங்க. இப்ப என்ன?"

"தப்பு நடந்துபோச்சு. நீங்க பதிவுல இருக்கீங்க. உங்க தங்கச்சியும் இருக்காங்க."

கரண்டி சுவரில் நின்றது. அவர் குனிந்து பார்த்தார். அவள் புருவத்தை மறைத்திருந்த முடியை ஒதுக்கினாள். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அவளை உட்காரச் சொல்லவில்லை.

"எப்படித் தப்பு நடந்துச்சு?"

அவள் சொன்னாள். சைபர்களைச் சொன்னாள், இரட்டிப்பைச் சொன்னாள். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப ஒரு ஆளு உக்காந்து என் வரிய நீக்கியிருக்கணும். மெஷினு தானா நீக்காதுல்ல?"

"நீக்காது."

"யாரு நீக்கினது?"

"நான்தான்."

"நீயா?" என்றார்.

நடையின் மறுமுனையில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"எனக்கு ஒரு இடத்துல கல்யாணம் பேசியிருந்தாங்க" என்றார் பிறகு. "பொண்ணுக்கும் இஷ்டம். அவ அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. யாரு பெத்த பிள்ளைன்னு தெரியாது, போவட்டும், நீ சொல்ற அந்த விடுதியில இருந்தேங்கிறதுக்காவது ஒரு சீட்டு கொண்டான்னாரு. ஜெயில்லேருந்து வந்தவனா இருந்தா என்ன பண்றதுன்னு அவருக்குப் பயம். அதுக்குத்தான் முதல் தடவ வந்தேன். அங்க உக்காந்திருந்தவரு ஒரு பட்டியலப் பாத்துட்டு, அந்த விடுதியில நீங்க இருந்ததே இல்லன்னாரு. ரெண்டாவது தடவ அந்தப் பெரியவரையும் கூட்டிட்டு வந்தேன். அவரு முன்னாடியும் அதையே சொன்னாங்க. வெளிய வந்து என் மூஞ்சியில துப்பாத குறை. அவளுக்கு இப்ப கைப்பிள்ளை இருக்கு."

அவர் விரலில் காய்ந்திருந்த பட்டியைச் சுரண்டினார்.

"அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தங்கச்சின்னு ஒருத்திய நானா கற்பனை பண்ணிக்கிட்டேனோன்னு." அவர் அவள் புருவத்தைக் காட்டினார். "அது நான் கதவச் சாத்தினதுல பட்டது. எங்க போனாலும் பின்னாடியே வந்து அழுவ. எரிச்சல்ல சாத்தினேன்."

"வெள்ளத்துல மரக்கட்டை இடிச்சுதுன்னு..."

"எந்த மரக்கட்டை? வெள்ளத்துக்கு முன்னாடி நடந்தது அது. நம்ம வீட்டுக் கதவு." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "விடுதியிலேருந்து வேற எடத்துக்கு லாரியில ஏத்தினாங்க. உன் கையப் பிடிச்சுக்கச் சொன்னாங்க. வழியில எங்கயோ நிறுத்தி ரொட்டி குடுத்தாங்க. நீ தூங்கிட்டிருந்த. கைய எடுத்துட்டு எறங்கிப் போனேன். வரிசை பெருசு. திரும்பி வந்தா லாரி இல்ல. இதச் சொல்லணும்னுதான் இத்தன வருஷம் தேடினேன். சொல்லிட்டேன்."

அவர் எழுந்தார். கரண்டியை எடுத்துக்கொண்டார்.

"நான் மறுபடியும் வரட்டுமா?" என்றாள் அவள்.

"வரலாம். வரும்போது அந்தச் சீட்டக் கொண்டு வாங்க. நான் அங்க இருந்தேன்னு எழுதின சீட்டு. அது போதும், வேற எதுவும் வேண்டாம்."

மேனேஜர் சான்றிதழ் தர மறுத்தார். முன்பு இல்லை என்று நாமே இரண்டு முறை பதில் சொன்ன ஒருவருக்கு இப்போது உண்டு என்று எப்படித் தருவது, காரணம் கேட்பார்களே என்றார். மேலிடத்துக்கு எழுதலாம், பொறுங்கள் என்றார். அவள் பொறுத்தாள். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. எழுதினாரா என்பதும் தெரியவில்லை. கடைசியில் ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது சான்றிதழை அவளே அச்சிட்டாள். பதினெட்டு இலக்கமும் விடுபடாமல் வந்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். மேனேஜரின் மேசை மேலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினாள். அவர் உள்ளே வந்தபோது முத்திரை அவள் கையில்தான் இருந்தது.

"இது மோசடிம்மா" என்றார் அவர்.

"ஆமா சார். ஆனா இதுல எழுதியிருக்கிறது நிஜம்."

அன்று மாலையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். முத்திரையைத் தவறாகப் பயன்படுத்தினாள் என்று காரணம் எழுதினார்கள். புரோகிராமர் படிவரை கூட வந்தார். "அந்தப் பட்டியல்ல ஒரு வரி போட்டாங்க பாருங்க, அதுக்குமேல எதுவும் எழுதக் கூடாதுன்னு எனக்கும் உத்தரவு. ரெண்டு பிள்ளை படிக்குது" என்றார். அவள் தலையாட்டினாள். அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, மரியாதையும் வரவில்லை.

பெயிண்டர் சீட்டை வாங்கி வெயிலில் பிடித்துப் படித்தார். எண்ணை மட்டும் இரண்டு தடவை படித்தார். "இவ்வளவு நீளமா?" என்றார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை யாரிடம் காட்டப் போகிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலேயே அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "வெச்சிருக்கேன். சும்மா" என்றார். அவள் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டார். அவர் ஒரு நாளும் கூப்பிடவில்லை. அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். சாரத்தின் மேல் நிற்பதாகவும் அப்புறம் பேசுவதாகவும் சொன்னார்.

வேறு வேலை கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. ஒரு கிடங்கில் வந்த சரக்கைச் சரிபார்க்கும் வேலை. அது கிடைத்த வாரத்தில், அண்ணியிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று மனதுக்குள் ஒரு சாக்கை உண்டாக்கிக்கொண்டு தெற்குக் கோடிக்குப் பஸ் ஏறினாள். இடையில் அண்ணி ஒரே ஒரு முறை பேசியிருந்தாள். "உன் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுறாரு. கொஞ்ச நாள் போவட்டும்" என்று சொல்லியிருந்தாள். கொஞ்ச நாள் போய்விட்டது என்று அவள் நினைத்தாள்.

பட்டறை திறந்திருந்தது. வாசலில் குழந்தை இரும்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவர ஒரு காலை எடுத்துவைத்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பிப் பார்த்து, அங்கேயே நின்றுவிட்டாள்.

வெல்டர் ஒரு பெரிய கேட்டுக்குக் குறுக்குக் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தார். வேலையை முடித்துவிட்டு முகமூடியைத் தூக்கினார். இளைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தில் ஏதோ ஒன்று கிளம்பியது. அதை அவர் பிடித்து நிறுத்துவதும் தெரிந்தது. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் கிடந்த ஸ்டூலின் மேலிருந்த தூசியைத் தட்டி, அவள் பக்கமாக நகர்த்தினார்.

"வாங்க" என்றார். "உக்காருங்க. என்ன வேணும் உங்களுக்கு?"

அவள் உட்காரவில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றாள். அவர் சரிங்க என்றார்.